பேக்கேஜின் பெயரை மாற்றும்போது

டெபியன் கணினி ஒன்றில் கிட் பேக்கேஜின் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். 1:2.39 என்பதுபோல ஒரு விடை வரும். கிட்டை உருவாக்குபவர்கள் வெளியிடும் எண் 2.39 மட்டும்தான். முன்னால் நிற்கும் ‘1:’ டெபியன் சேர்த்தது. அது ஏன் வந்தது என்று தேடினால் ஒரு பெயர் மாற்றத்தில் போய் நிற்கும்.

2005-இல் கிட் பிறந்தபோது டெபியனில் அந்தப் பெயர் காலியாக இல்லை. டெர்மினலில் கோப்புகளைப் பார்க்கவும் நகர்த்தவும் உதவும் ‘குனு இன்டராக்டிவ் டூல்ஸ்’ அதை முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. எனவே புதியவர் ‘கிட்-கோர்’ என்ற பெயரில் உள்ளே வந்தார். சில ஆண்டுகளில் கிட் என்று யார் சொன்னாலும் இந்தப் புதியவரைத்தான் குறித்தது. பழைய மென்பொருள் ‘குனுயிட்’ என்று பெயர் மாறியது. 2011-இல் வெளியான டெபியன் ஸ்குவீஸில் கிட் என்ற பெயர் இன்றைய கிட்டுக்கு வந்து சேர்ந்தது. கிட்-கோர் என்பது புதுப் பெயரை இழுத்துவரும் வெற்றுப் பேக்கேஜாக மட்டும் நீடித்தது.

இதில் ஒரு முள் இருந்தது. பழைய கிட்டின் பதிப்பு எண் 4-இல் தொடங்கியது. புதிய கிட் அப்போது 1.7-இல் இருந்தது. பேக்கேஜ் மேலாளருக்குப் பெயர் ஒன்றுதான், எண் மட்டும் குறைந்திருக்கிறது; எனவே 1.7 அதற்குப் பழைய சரக்கு, அப்கிரேட் செய்யாது. எண்ணுக்கு முன்னால் ‘ஈபாக்’ எனப்படும் அந்த 1-ஐச் சேர்த்தால்தான் 1.7, 4-ஐவிடப் பெரியதாகும். சேர்த்தார்கள். ஈபாக்கை ஒருமுறை சேர்த்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தால் அன்றே எண் கீழே இறங்கிவிடும். அதனால் இன்றும் அது அங்கே நிற்கிறது.

மென்பொருளை உருவாக்குபவருக்குப் பெயர் மாற்றம் என்பது ஒரு முடிவு. பேக்கேஜ் மேலாளருக்கோ பெயர்தான் அடையாளம். பெயர் மாறினால் அது வேறு மென்பொருள். நீங்கள் எழுதிய அறிவிப்பை அது படிக்காது. பயனர்களில் பெரும்பாலோரும் படிக்க மாட்டார்கள். பழைய பெயரில் நிறுவியிருப்பவர் எதையும் படிக்காமல், வழக்கமான அப்கிரேட் கட்டளையை மட்டும் கொடுத்தால், புதுப் பெயருக்கு வந்து சேர வேண்டும். அவர் திருத்திவைத்த அமைப்புகள், சேர்த்துவைத்த தரவு, ஓடிக்கொண்டிருந்த சேவை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க நாம் பயன்படுத்தப்போகும் அளவுகோல் இதுதான்.

மாற்றத்தான் வேண்டுமா?

முதல் ஆலோசனை: முடிந்தால் மாற்றாதீர்கள். திரையில் தெரியும் பெயர், இணையதளத்தின் பெயர், லோகோ எதுவும் பேக்கேஜ் பெயரை மாற்றாமலே மாறலாம். ஆண்ட்ராய்டில் இது விதியாகவே இருக்கிறது: செயலியின் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் அதன் அப்ளிகேஷன் ஐடி மாறினால் அது புதுச் செயலி, பழைய பயனர்களுக்கு அப்டேட் போகாது.

மாற்றியே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. 2006-இல் வர்த்தக முத்திரைச் சிக்கலால் டெபியன், ஃபயர்ஃபாக்ஸை ஐஸ்வீசல் என்றும் தண்டர்பேர்டை ஐஸ்டவ் என்றும் பெயர் மாற்ற நேர்ந்தது. ஒரு திட்டம் இரண்டாகப் பிரிந்தால் பிரிந்து போகிறவருக்குப் புதுப் பெயர் வேண்டும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து 2009-இல் பிரிந்த மரியாடிபி இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, மேலே பார்த்த கிட் போன்ற பெயர் மோதல். இவற்றில் ஒன்று இருந்தால் தொடருங்கள். ‘இந்தப் பெயர் இன்னும் நன்றாக இருக்கிறது’ என்பது மட்டும் காரணம் என்றால், யாருடைய சர்வர்களில் எத்தனை பேர் இரவில் விழித்து உங்கள் ரசனைக்கு விலை கொடுப்பார்கள் என்று யோசித்துவிட்டுத் தொடருங்கள்.

டெபியன் வழி

‘வயல்’ என்ற சர்வர் மென்பொருள் 2.4-1 பதிப்பு வரை அந்தப் பெயரிலேயே இருந்தது, 2.5-1 முதல் ‘கழனி’ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்ட்ரோல் கோப்பில் இரண்டு பேக்கேஜ்களை அறிவிக்க வேண்டும். புலப் பெயர்களை ஒலிப்பின்படி தருகிறேன்:

பேக்கேஜ்: கழனி
பிரேக்ஸ்: வயல் (<< 2.5-1~)
ரீப்ளேசஸ்: வயல் (<< 2.5-1~)

பேக்கேஜ்: வயல்
ஆர்க்கிடெக்சர்: ஆல்
செக்‌ஷன்: ஓல்ட்லிப்ஸ்
டிபெண்ட்ஸ்: கழனி

இரண்டாவது பேக்கேஜுக்குள் ஒன்றும் இருக்காது. பழைய பெயரைத் தாங்கிக்கொண்டு புதிய பெயரைச் சார்ந்திருப்பது மட்டுமே அதன் வேலை. இதை டிரான்சிஷனல் பேக்கேஜ் என்பார்கள். நாம் இடைக்காலப் பேக்கேஜ் என்று வைத்துக்கொள்வோம். வயல் 2.4 வைத்திருப்பவர் அப்கிரேட் செய்யும்போது வயல் 2.5 வருகிறது, அது கழனியை இழுத்துவருகிறது.

இந்த ஏழு வரிகளில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ரீப்ளேசஸ் இல்லாவிட்டால், பழைய வயலுக்குச் சொந்தமான கோப்பின்மேல் கழனி எழுத முயலும்போது டெபியனின் நிறுவல் கருவியான டிபிகேஜி மறுத்துவிடும். ‘இந்தக் கோப்பு வேறு பேக்கேஜிலும் இருக்கிறது’ என்ற பிழைச்செய்தியோடு அப்கிரேட் பாதியில் நிற்கும். ரீப்ளேசஸ் மட்டும் இருந்து பிரேக்ஸ் இல்லாவிட்டால், தன் கோப்புகளில் பாதியை இழந்த பழைய வயல் நல்ல நிலையில் இருப்பதாகவே கணினி நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் பதிப்பு எண்ணைத் தவறியும் விட்டுவிடாதீர்கள். எண் இல்லாமல் ‘பிரேக்ஸ்: வயல்’ என்று எழுதினால், நீங்களே தரும் இடைக்கால வயலையும் அது உடைத்துவிடும். வயல் கழனியைக் கேட்கும், கழனி வயலை மறுக்கும், இரண்டையும் ஒருசேர நிறுவ வழியே இருக்காது. எண்ணின் கடைசியில் இருக்கும் அலைக்கோடும் அலங்காரம் இல்லை. டெபியனின் வரிசையில் 2.5-1~ என்பது 2.5-1-ஐவிடச் சிறியது. பழைய வெளியீட்டுக்காக யாராவது பின்னர் பேக்போர்ட் செய்தால் அதன் எண் 2.5-1~ என்றுதான் தொடங்கும். அந்தப் பதிப்பின் இடைக்கால வயலும் பிரேக்ஸ் விதியில் சிக்காமல் தப்பிக்கும்.

ஓல்ட்லிப்ஸ் என்ற பிரிவைப் பலர் வெறும் பட்டியல் ஒழுங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். டெபியனின் பேக்கேஜ் மேலாளரான ஆப்ட் ஒவ்வொரு பேக்கேஜையும் ‘பயனர் கேட்டு வந்தது’, ‘சார்புக்காகத் தானாக வந்தது’ என்று இரண்டாகக் குறித்துவைக்கிறது. வயலைப் பயனர் கேட்டு நிறுவினார். கழனி சார்பாக வந்தது. பயனர் ஒருநாள் வெற்று வயலைப் பார்த்துவிட்டு, தேவையில்லை என்று நீக்குகிறார். அடுத்த ஆட்டோரிமூவ் கட்டளையில் ‘கழனியை யாரும் கேட்கவில்லை, எடுத்துவிடட்டுமா?’ என்று ஆப்ட் கேட்கும். நீண்ட பட்டியலின் நடுவில் அது வரும். பயனர் சரி என்று சொல்லிவிடுவார். இடைக்காலப் பேக்கேஜ் ஓல்ட்லிப்ஸ் பிரிவில் இருந்தால் ஆப்ட் ‘பயனர் கேட்டது’ என்ற குறியை வயலிடமிருந்து கழனிக்கு மாற்றிவிடுகிறது. ஒரே ஒரு வரி, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைக் காப்பாற்றுவது அந்த வரிதான்.

இடைக்காலப் பேக்கேஜ் இல்லாமல் ப்ரொவைட்ஸ், கான்ஃப்ளிக்ட்ஸ், ரீப்ளேசஸ் மூன்றையும் கழனியில் எழுதி முடித்துவிடும் வழியும் உண்டு. களஞ்சியம் துப்புரவாக இருக்கும். ஆனால் வயல் வைத்திருப்பவருக்கு எதுவும் நடக்காது. கழனி என்ற பெயர் அவர் கணினியில் இல்லை, அதைக் கொண்டுவர யாரும் கேட்கவில்லை, அதனால் ஆப்ட் கொண்டுவராது. அவர் பழைய 2.4-இலேயே பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பார், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடு. உடைந்தால் தெரியும், சரிசெய்யலாம். சத்தமில்லாமல் பின்தங்கினால் தெரியாது. பயனர் நேரடியாக நிறுவும் எந்தப் பேக்கேஜுக்கும் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

லைப்ரரிகளுக்கு மட்டும் கணக்கு வேறு. 2038-ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக டெபியன் 32-பிட் கணினிகளில் நேர எண்ணை 64-பிட்டாக்கியபோது, 2024-இல் நூற்றுக்கணக்கான லைப்ரரிப் பேக்கேஜ்களின் பெயர்களில் ‘டி64’ என்ற பின்னொட்டு ஏறியது. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. அவற்றுக்கு இடைக்காலப் பேக்கேஜ்கள் போடவில்லை. லைப்ரரியை யாரும் பெயர் சொல்லி நிறுவுவதில்லை. அதைச் சார்ந்த நிரல்கள் மறுபடி கட்டப்படும்போது அவையே புதிய பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 64-பிட் கணினிகளில் உள்ளடக்கம் மாறாததால் அங்கே புதுப் பேக்கேஜ் பழைய பெயரையும் ப்ரொவைட்ஸில் சொல்லிவிட்டது. யார் அந்தப் பெயரைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வழி அமைய வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

பெயரோடு ஒட்டியிருப்பவை

பேக்கேஜ் பெயர் தனியாக வாழ்வதில்லை. எட்ஸி கோப்புறைக்குள் அதன் பெயரில் அமைப்புக் கோப்புகள் இருக்கும். வார்-லிப் கோப்புறைக்குள் தரவு. அதே பெயரில் ஒரு சிஸ்டம் பயனர், ஒரு சிஸ்டம்டி சேவை, ஒரு கட்டளை, ஒரு பதிவுக் கோப்பு. பெயரை மாற்றும் உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஒரே வெளியீட்டில் மாற்றத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஐஸ்வீசலையும் ஐஸ்டவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐஸ்வீசல் பெயரில்தான் மாறியது. பயனரின் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் ஃபயர்ஃபாக்ஸுக்கு உரிய அதே கோப்புறையில் இருந்தன. 2016-இல் பெயர் ஃபயர்ஃபாக்ஸுக்குத் திரும்பியபோது நகர்த்துவதற்கு எதுவும் இல்லை. ஐஸ்டவ் பயனரின் வீட்டுக் கோப்புறையில் தன் பெயரிலேயே ஒரு மறைகோப்புறை வைத்துக்கொண்டது. 2017-இல் தண்டர்பேர்டாகத் திரும்பியபோது, ஒவ்வொரு பயனரின் அஞ்சல்களையும் புதிய இடத்தோடு இணைக்கத் தனியாகத் தொடக்க ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது. வீட்டுக் கோப்புறைகளை நிறுவல் நேரத்தில் தொட முடியாது, தொடவும் கூடாது. பயனர் முதல்முறை திறக்கும்போதுதான் அந்த வேலை நடக்க வேண்டும், அதுவும் அவருடைய பல ஆண்டு அஞ்சல்களின் மேல்.

மரியாடிபி காட்டிய பொறுமை எனக்குப் பிடித்தது. கட்டளைகளுக்கு மரியாடிபி என்று தொடங்கும் பெயர்களை முதன்மையாக்கியது 2020-இன் 10.5 பதிப்பில்தான், அப்போதும் பழைய மைஎஸ்கியூஎல் பெயர்களை இணைப்புகளாக விட்டுவைத்தார்கள். பெயர் பிரிந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: முதலில் பேக்கேஜ் பெயர், பிறகு ஒரு வெளியீட்டில் கட்டளைப் பெயர், தரவுக் கோப்புறை கடைசியில் அல்லது ஒருபோதும் வேண்டாம்.

அமைப்புக் கோப்பின் பாதை மாறாமல் இருந்தால் டிபிகேஜி உங்களுக்கு உதவும். பழைய வயலின் கோப்பைக் கழனி எடுத்துக்கொள்ளும்போது அந்தக் கோப்பின் பழைய குறிமதிப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது; அதனால் பயனர் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தம் நிலைக்கும், திருத்தாதவரிடம் தேவையில்லாத கேள்வி கேட்காது. பாதையையும் மாற்றினால் இந்த உதவி போய்விடும். அமைப்புக் கோப்பை இடம் மாற்ற டிபிகேஜியுடன் வரும் மெயின்ட்ஸ்கிரிப்ட்-ஹெல்பர் ஒரே பேக்கேஜுக்குள் நகர்த்துவதற்கானது. இரு பேக்கேஜ்களுக்கு இடையே என்றால் கழனியின் ப்ரீஇன்ஸ்ட் ஸ்கிரிப்டில் நீங்களே கையால் எழுத வேண்டும்: பழையது இருக்கிறதா, பயனர் திருத்தியிருக்கிறாரா, புதிய இடத்தில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்து.

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பகுதியிலேயே ஆபத்தானது. டெபியனில் ஒரு பேக்கேஜை ‘ரிமூவ்’ செய்தால் நிரல் போகும், அமைப்புக் கோப்புகள் தங்கும். அதன் போஸ்ட்ஆர்எம் ஸ்கிரிப்டும் தங்கும். பிறகு ‘பர்ஜ்’ செய்யும்போது அந்த ஸ்கிரிப்ட் ஓடி மிச்சத்தை அழிக்கும். பழைய வயலின் போஸ்ட்ஆர்எம், பர்ஜ் நேரத்தில் தரவுக் கோப்புறையை அழிப்பதாக எழுதப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். ஒரு நிர்வாகி வயலை ரிமூவ் செய்துவிட்டு கழனியைக் கையால் நிறுவுகிறார். கழனி அதே தரவுக் கோப்புறையில் நன்றாக ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து வட்டில் இடம் பார்க்கும் இன்னொருவர், ‘ஆர்சி’ நிலையில் தொங்கும் பழைய பேக்கேஜ்களை எல்லாம் பர்ஜ் செய்கிறார். 2.4-இன் ஸ்கிரிப்ட் விழித்துக்கொண்டு, உயிரோடு ஓடும் கழனியின் தரவை அழிக்கிறது. யார்மேலும் தவறில்லை, ஒவ்வொருவரும் சரியானதைத்தான் செய்தார்கள்.

இடைக்காலப் பேக்கேஜ் வழியாக வந்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. வயல் 2.5 நிறுவப்பட்டதும் பழைய போஸ்ட்ஆர்எம் போய்விடுகிறது. வெற்றுப் பேக்கேஜை எத்தனை முறை பர்ஜ் செய்தாலும் அழிக்க அதனிடம் எதுவும் இல்லை. கையால் மாறுகிறவரைக் காப்பாற்றப் பெயர் மாற்றத்துக்கு முந்திய வெளியீட்டிலேயே வேலை தொடங்க வேண்டும். வயலின் போஸ்ட்ஆர்எம், தரவை அழிப்பதற்கு முன் ‘இந்தக் கோப்புறையைப் பயன்படுத்தும் வேறு நிரல் கணினியில் இருக்கிறதா?’ என்று பார்க்கும்படி 2.4-2 ஒன்றை வெளியிடுங்கள். மைஎஸ்கியூஎல், மரியாடிபி பேக்கேஜ்களின் ஸ்கிரிப்ட்களில் இத்தகைய சோதனை இருக்கிறது. ஒரே தரவுக் கோப்புறைக்குப் பலர் உரிமை கொண்டாடிய இடம் அது.

ஆர்பிஎம் உலகில்

ஃபெடோரா, சூசே, ரெட் ஹேட் குடும்பத்தில் இடைக்காலப் பேக்கேஜ் வேண்டியதில்லை. ஒப்சொலீட்ஸ் என்ற புலம் இருக்கிறது. கழனியின் ஸ்பெக் கோப்பில் ‘ஒப்சொலீட்ஸ்: வயல் < 2.5-1’ என்றும் ‘ப்ரொவைட்ஸ்: வயல் = 2.5-1’ என்றும் எழுதினால், டிஎன்எஃப் அப்கிரேட் நேரத்தில் வயலை எடுத்துவிட்டுக் கழனியை வைக்கும். பயனர் கணினியில் மிச்சம் எதுவும் இருக்காது. இது டெபியனைவிட அழகான ஏற்பாடு என்பதே என் எண்ணம்.

எண்ணைக் கவனமாகப் போடுங்கள். பழைய ஃபெடோரா வெளியீட்டில் வயல் இன்னும் உயிரோடு இருக்கும். அங்கே பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து எண் ஏறிக்கொண்டே போகும். அது 2.5-1-ஐத் தாண்டிவிட்டால் ஒப்சொலீட்ஸ் அதைப் பிடிக்காது. கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள், பழைய கிளையைப் பராமரிப்பவரிடமும் சொல்லிவையுங்கள். எண்ணே இல்லாமலும் எழுதக் கூடாது. நாளை அந்தப் பெயரில் வேறொன்று வர நேர்ந்தால் உங்கள் பேக்கேஜ் அதை விழுங்கிக்கொண்டே இருக்கும். புதியது பழையதற்கு உண்மையிலேயே ஒத்துப்போகவில்லை என்றால் ப்ரொவைட்ஸ் வரியை விட்டுவிடுங்கள்.

ஆர்பிஎம்மின் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. ஒப்சொலீட்ஸ் பயனருக்கு அப்கிரேட் போலத் தெரிந்தாலும், ஆர்பிஎம்முக்கு அது ஒரு நிறுவலும் ஒரு நீக்கமும்தான். சாதாரண அப்கிரேடில் பழைய பேக்கேஜின் ப்ரீஅன் ஸ்கிரிப்டுக்கு 1 என்ற எண் போகும். ‘இன்னொரு பதிப்பு இருக்கிறது, சேவையைத் தொடாதே’ என்று பொருள். பெயர் மாறும்போது போவது 0. முழு நீக்கம் என்று நினைத்து, சிஸ்டம்டி மேக்ரோ சேவையை நிறுத்தி, தொடக்கத்தில் ஓடாதபடியும் ஆக்கிவிடும். வரிசையைப் பாருங்கள்: முதலில் கழனியின் கோப்புகள் இறங்குகின்றன, அதன் போஸ்ட் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, அதற்குப் பிறகுதான் வயலின் ப்ரீஅன் ஓடுகிறது. சேவையின் பெயர் மாறாமல் இருந்தால், கழனி செய்துவைத்ததை வயல் போகிற போக்கில் கலைத்துவிடும். அப்கிரேட் பிழையின்றி முடியும். சேவை நின்றிருக்கும். கவனிக்காமல் விட்டால் அடுத்த ரீபூட்டிலும் எழாது.

இதற்கு மருந்து போஸ்ட்டிரான்ஸ். எல்லா நிறுவலும் நீக்கமும் முடிந்த பிறகு ஓடும் ஸ்கிரிப்ட் அது. கழனியின் ப்ரீ ஸ்கிரிப்டில் வயல் சேவை இயக்கத்தில் இருந்ததா, தொடக்கத்தில் ஓடும்படி இருந்ததா என்று பார்த்து ஒரு சிறு கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். போஸ்ட்டிரான்ஸில் அந்தக் குறிப்பைப் படித்து, இருந்த நிலைக்கே கொண்டுவந்துவிட்டுக் குறிப்பை அழியுங்கள். எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சேவையைத் தொடங்கிவிடக் கூடாது. வேண்டுமென்றே நிறுத்திவைத்திருந்தவரும் இருப்பார். அமைப்புக் கோப்பின் பாதையும் மாறினால், பயனர் திருத்திய பழைய கோப்பு ‘ஆர்பிஎம்சேவ்’ என்ற பின்னொட்டோடு ஓரமாக ஒதுங்கிவிடும், கழனி தன் சொந்த அமைப்போடு தொடங்கும். அதையும் நீங்கள்தான் கையாள வேண்டும்.

ஆர்ச் லினக்ஸில் ரீப்ளேசஸ் வரிசையில் பழைய பெயரைப் போட்டால், முழு அப்கிரேட் நேரத்தில் பேக்மேன் ‘மாற்றட்டுமா?’ என்று கேட்டு மாற்றும். ஜென்டூவும் ஃப்ரீபிஎஸ்டியும் பெயர் மாற்றத்தைக் களஞ்சியத்திலேயே ஒரு பதிவாக வைக்கின்றன. ஜென்டூவின் அப்டேட்ஸ் கோப்புறையில் ‘மூவ்’ என்று ஒரு வரி எழுதினால் பயனர் கணினியில் உள்ள நிறுவல் பதிவையே போர்டேஜ் திருத்திக்கொள்ளும். பெயர் மாற்றம் என்பது ஒரு தகவல், அதைத் தகவலாகவே எழுதிவைக்கலாம் என்ற இந்த அணுகுமுறை மற்ற அமைப்புகளுக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிரல்மொழிக் களஞ்சியங்கள்

பைபிஐ, என்பிஎம் போன்றவற்றில் பெயர் மாற்றும் பொத்தான் கிடையாது. புதுப் பெயரில் புதிதாக வெளியிட்டு, பழைய பெயரில் கடைசியாக ஒரு வெற்றுப் பதிப்பை வெளியிட்டு, அதைப் புதியதைச் சார்ந்திருக்கச் செய்வதுதான் வழி.

பைத்தானில் இரண்டு பெயர்கள் உண்டு: பிப் கட்டளையில் எழுதுவது ஒன்று, நிரலில் இம்போர்ட் செய்வது ஒன்று. பில்லோ, கைவிடப்பட்ட பிஐஎல்லின் இடத்தைப் பிடித்தபோது இம்போர்ட் பெயரைப் பிஐஎல் என்றே விட்டது. பிஐஎல் என்ற பெயரில் இம்போர்ட் செய்திருந்த நிரல்களில் அந்த ஒரு வரியைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே சூழலில் சேர்ந்து இருக்க முடியாது, அதற்குக் காரணம் பிப். இரு பேக்கேஜ்கள் ஒரே கோப்புப் பாதையில் எழுதுவதை அது தடுப்பதில்லை. சார்புகளை முதலில் நிறுவிவிட்டுத்தான் கேட்டதை நிறுவும். எனவே பழைய பெயரின் வெற்றுப் பதிப்புக்குப் பயனர் அப்கிரேட் செய்தால், முதலில் புதிய பேக்கேஜின் கோப்புகள் இறங்கும். பிறகு பழைய பதிப்பை நீக்கும்போது அதன் பட்டியலில் உள்ள அதே பாதைகள் அழியும், புதிதாக இறங்கியவையும் சேர்த்து. இரண்டும் நிறுவப்பட்டிருப்பதாகப் பிப் சொல்லும், இம்போர்ட் தோற்கும். இதைத் தவிர்க்க நினைத்தால் புதியதற்குப் புது இம்போர்ட் பெயர் கொடுங்கள்; பழைய இம்போர்ட் பெயரை வெற்றுப் பதிப்புக்குள் ஒரு சிறு மாட்யூலாக வைத்து, எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டுப் புதியதை எடுத்துத் தரச் செய்யுங்கள்.

பழைய பெயரை மூடுவது எப்படி என்பதற்கு சைகிட்-லேர்ன் நல்ல முன்மாதிரி. எஸ்கேலேர்ன் என்பது இம்போர்ட் பெயர். அதே பெயரில் பைபிஐயில் ஒரு வெற்றுப் பேக்கேஜும் இருந்தது. அதை மூட முடிவெடுத்தவர்கள் 2022 டிசம்பரில் தொடங்கி, ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிடங்கள் மட்டும் நிறுவல் தோற்கும்படி செய்தார்கள். பிறகு அந்த நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 2023 டிசம்பர் 1 முதல் முழுவதும் நின்றது. பிழைச்செய்தியிலேயே சரியான பெயர் இருந்தது. எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. எப்போதாவது ஒருமுறை தோற்கும் கட்டுமானத்தை எல்லோரும் படிப்பார்கள், அதே சமயம் மறுபடி ஓட்டினால் அன்றைய வேலையும் கெடாது.

பேபல் 2018-இல் ஏழாம் பதிப்போடு தன் பேக்கேஜ்களை எல்லாம் ஒரே குடும்பப் பெயருக்குக் கீழ் கொண்டுபோனபோது, பழைய பேபல்-கோர் பெயரில் ‘7.0.0-பிரிட்ஜ்.0’ என்று ஒன்றை வெளியிட்டது. பழைய பெயரைக் கேட்கும் கருவிகள் புதியதோடு வேலை செய்ய அந்தப் பாலம் போதுமானதாக இருந்தது. ஜாவாவில் மேவனுக்கு ‘ரீலொகேஷன்’ என்ற குறிப்பே இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் ஜாவா இணைப்பான் 8.0.31-இல் இப்படித்தான் புது முகவரிக்குப் போனது. ஆனாலும் பழைய முகவரியின் பழைய பதிப்பு வேறு ஏதாவது ஒரு சார்பின் வழியாக உள்ளே வந்தால், மேவன் அதை வேறு நூலகம் என்றே எண்ணி இரண்டையும் வைத்துக்கொள்ளும். சார்பு மரத்தை அச்சிட்டுப் பாருங்கள்.

எந்தக் களஞ்சியமானாலும் பழைய பெயரை அழித்துவிட்டுப் போகாதீர்கள். அழித்த பெயரை வேறு யாரோ எடுத்துக்கொள்ள வழி உண்டு. உங்கள் பழைய பயனர்களின் கட்டளைகள் அதன் பிறகு அவருடைய நிரலை இறக்கும். வெற்றுப் பேக்கேஜாகவாவது அதை உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள்.

வெளியிடும் முன்

சோதனையை எப்போதும் பழைய கணினியிலிருந்து தொடங்குங்கள். கன்டெய்னர் ஒன்றில் பழைய வெளியீட்டை எடுத்து, வயல் 2.4-ஐ நிறுவுங்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றுங்கள். கொஞ்சம் தரவு போடுங்கள். சேவையைத் தொடங்குங்கள். பிறகு களஞ்சியத்தை மாற்றி, வழக்கமான அப்கிரேட் மட்டும் கொடுங்கள். வேறு எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். இப்போது பாருங்கள்: சேவை ஓடுகிறதா? ரீபூட்டுக்குப் பிறகும் ஓடுமா? மாற்றிய வரி இருக்கிறதா? தரவு இருக்கிறதா? அடுத்து வயலைப் பர்ஜ் செய்து, ஆட்டோரிமூவ் கொடுத்து, மறுபடி அதே கேள்விகளைக் கேளுங்கள். டெபியனில் நிறுவல், அப்கிரேட், பர்ஜ் ஆகியவற்றைத் தானாக ஓட்டிப் பார்க்கும் பியூபார்ட்ஸ் கருவி இருக்கிறது. அது மிச்சம் கிடக்கும் கோப்புகளைக் கண்டுபிடிக்கும். பயனரின் ஒரு வரித் திருத்தம் காணாமல் போனதைக் கண்டுபிடிக்காது. அதற்கு உங்கள் கண் வேண்டும்.

ஆப்ட்-கெட் அப்கிரேட் என்ற பழைய கட்டளை புதுப் பேக்கேஜ்களை நிறுவாது. இடைக்கால வயல் கழனியைக் கேட்பதால் அங்கே வயல் ‘நிறுத்திவைக்கப்பட்டது’ பட்டியலில் நிற்கும். ஆப்ட் அப்கிரேட் அல்லது முழு அப்கிரேட் கொடுத்தால் நகரும். வெளியீட்டுக் குறிப்பில் இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிடுங்கள். தானியங்கி அப்டேட்களை நம்பியிருக்கும் நிர்வாகிகளுக்கு அது தேவைப்படும்.

பழைய பெயரை எப்போது விடலாம்

பயனர் எவ்வளவு தூரம் தாண்டி வரலாம் என்று உங்கள் தளம் வாக்குக் கொடுத்திருக்கிறதோ அவ்வளவு காலம் பழைய பெயர் இருக்க வேண்டும். டெபியன் ஒரு நிலை வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு மட்டும்தான் அப்கிரேடை ஆதரிக்கிறது; எனவே இடைக்காலப் பேக்கேஜ் ஒரு நிலை வெளியீட்டில் முழுதாக இடம்பெற்றிருக்க வேண்டும், அதற்கு அடுத்ததில் எடுக்கலாம். உபுண்டுவில் எல்டிஎஸ் வெளியீடுகளுக்கு இடையே நேரடியாகத் தாண்டுபவர்கள் அதிகம். அடுத்த எல்டிஎஸ் வெளிவரும்வரை எடுக்காதீர்கள். ஃபெடோராவில் ஒரு வெளியீட்டைத் தாண்டி வர அனுமதி உண்டு, ஒப்சொலீட்ஸ் அதைத் தாங்க வேண்டும்.

எடுப்பதற்கு முன் களஞ்சியத்தில் யாரெல்லாம் இன்னும் பழைய பெயரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களின் பராமரிப்பாளர்களுக்குத் திருத்தத்தையே எழுதி அனுப்புங்கள்; ‘மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொன்னால் நாள் தள்ளும். டாக்கர்ஃபைல்களிலும் ஆன்சிபிள் கோப்புகளிலும் உள்ள பழைய பெயர் எந்தச் சார்புப் பட்டியலிலும் தெரியாது. அவை புதிதாக நிறுவுபவை, அப்கிரேட் செய்பவை அல்ல. இடைக்காலப் பேக்கேஜ் போன மறுநாள் அவை ‘பேக்கேஜ் கிடைக்கவில்லை’ என்று நிற்கும். உங்கள் சொந்த ஆவணங்களிலும் எடுத்துக்காட்டுகளிலும் உள்ள நிறுவல் கட்டளைகளைப் பெயர் மாற்றிய அன்றே திருத்தியிருந்தால், இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்ட கோப்புகளாவது புதுப் பெயரோடு இருக்கும். இடைக்காலப் பேக்கேஜின் விவரக் குறிப்பிலும் புதுப் பெயரையும், ‘இதைத் தயங்காமல் நீக்கலாம்’ என்பதையும் எழுதிவையுங்கள். அந்தப் பெயரைத் தேடி வருபவர் கடைசியாகப் படிப்பது அதைத்தான்.